பின்பக்கக் கதவைப் பற்றி

மார்ச் 4

உனக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதி, அடித்துவிட்டேன். அடித்தது தெரியக்கூடாது என்று வேறு தாள் எடுத்தேன். எடுத்தும் என்ன, இதோ சொல்லிவிட்டேன்.

நேற்று விசாரணை அலுவலகத்திலிருந்து ஒரு கவர் வந்தது. பட்டறை தீப்பிடித்தது பற்றி நீங்கள் பதினோரு பேரும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கொடுத்த வாக்குமூலங்களின் நகல். பத்துப் பேர் ‘பின்பக்கக் கதவு பூட்டியிருந்தது’ என்று சொல்லியிருக்கிறார்கள். நீ ஒருத்திதான் அதைப் பூட்டியதைக் கண்ணால் பார்த்தவள். “சூப்பர்வைசர் பத்தரை மணிவாக்கில் பின்பக்கக் கதவைப் பூட்டிச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டார். சாவிச் சத்தம் எனக்குக் கேட்டது.” கீழே உன் இடது பெருவிரல் ரேகை.

சூப்பர்வைசராம். ‘என் அண்ணி’ என்று ஒரு வார்த்தை வரவில்லை உன் வாயில். உன்னை அந்தத் தையல் பட்டறைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனவள் நான். முதல் மாதம் நீ தைத்த காலர் எல்லாம் ஒருபக்கம் நாய்க்காது மாதிரி மடங்கி நின்றதே, யாருக்கும் தெரியாமல் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பிரித்துத் தைத்தவளும் நான்தான். சொல்லிக்காட்டக்கூடாதுதான். சொல்லிக்காட்டுகிறேன்.

உன் அண்ணனிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். மடித்துக் கவரில் போட்டார். “சாப்பிடலாமா?” என்றார். நீ அவருக்குத் தங்கை, நான் அவருக்குப் பெண்டாட்டி. பாவம், மனிதர் வேறு என்னதான் கேட்பார்?

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக உன் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் ஊருக்குப் போய்விட்டாய். போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். சாட்சிகளோடு பேசவே கூடாது என்று என் வக்கீலும் சொல்லியிருக்கிறார். பேசத்தானே கூடாது, அதனால் எழுதுகிறேன்.

ஒரே ஒரு கேள்வி. நான் பூட்டியதை நீ பார்த்தாயா?

இப்படிக்கு,
வாக்குமூலத்தில் வரும் சூப்பர்வைசர்


மார்ச் 12

அண்ணிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், வலது உள்ளங்கை இன்னும் மடங்கவில்லை, இடது கையால் எழுதுகிறேன், ஒரு பக்கம் எழுத அரை நாள் ஆகிறது. நடுவில் எழுந்து எழுந்து நடக்கிறேன். உட்கார முடியவில்லை. இங்கே இரண்டே அறைதான், ஜன்னல் வரைக்கும் நடந்தால் திரும்ப வேண்டியிருக்கிறது.

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது பொய். கோபம்தான்.

பார்த்தேன் அண்ணி. கண்ணை மூடினால் போதும், அப்படியே தெரிகிறது. நான் காலர் மெஷினில் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன், தலையில் பச்சைத் துணி, அதன் முடிச்சு பிடரியில் தொங்குகிறது. எனக்கு அந்தப் பக்கம் நீங்கள். சாவியைத் திருகுகிறீர்கள். சாவிக்கொத்து சலசலவென்கிறது. திரும்பிப் போகிறீர்கள். இவ்வளவு தெளிவாகத் தெரிவது எப்படிப் பொய்யாகும்?

நீங்கள் தினமும் பூட்டுகிறவர்தானே? கழிவுத்துணி மூட்டை வெளியே போனதும் பூட்டிவிடுவீர்கள், அது யாருக்குத் தெரியாது?

இஸ்திரிப் பக்கம் தீப் பிடித்தபோது நீங்கள் முன்னால் ஆபீஸ் அறையில் முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். முன்வாசல் வழியாக வெளியே போய்விட்டீர்கள். முன்வாசலுக்கும் எங்களுக்கும் நடுவில் தீ, நாங்கள் இருபத்தைந்து பேரும் பின்னால் ஓடினோம். கதவு திறக்கவில்லை. பின்சந்து வெல்டிங் பட்டறைக்காரர்கள் கடப்பாரையால் நிலையோடு பெயர்த்து எடுக்கும்வரை திறக்கவே இல்லை. அதற்குள் காஜா அக்கா போய்விட்டார். பத்து வருடம் சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைத்த கை. அவரை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

நாத்தனார்


மார்ச் 19

உனக்கு,

காஜா அக்காவைப் பற்றி எழுதவில்லை என்றால் நினைக்கவில்லை என்று அர்த்தமா? அந்த அம்மாவும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அதை உனக்கு எழுதி என் துக்கத்துக்குச் சாட்சி தேட எனக்கு விருப்பமில்லை.

கூட ஒரு படம் வைத்திருக்கிறேன். பட்டறையின் வரைபடம். இருபத்திரண்டு மெஷினும் எங்கெங்கே என்று குறித்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்டிருப்பது உன் இடம். அங்கிருந்து பின்பக்கக் கதவுக்கு ஒரு கோடு போட்டுப் பார். நடுவில் என்ன இருக்கிறது? தூண். தூணுக்கு அடுத்து, இஸ்திரி போட்ட சட்டைகள் வரிசையாகத் தொங்கும் கம்பி. நீ கழுத்தை ஒட்டகம் மாதிரி நீட்டினாலும் அந்தக் கதவு தெரியாது.

இன்னொன்று. சாவிச் சத்தம் கேட்டது என்கிறாயே, இருபத்திரண்டு மெஷின் ஓடும்போதா? பக்கத்தில் இருப்பவள் தும்மினால்கூட மூக்கைத் துடைக்கும்போதுதானே தெரியும்? சாயங்காலம் மணி அடித்ததே கேட்காமல் தைத்துக்கொண்டிருந்த நாளை மறந்துவிட்டாயா?

பூட்டும் வழக்கத்தை நான் மறுக்கவில்லை. துணி பின்வழியாக வெளியே போகிறது என்று முதலாளிக்குச் சந்தேகம். மூட்டை போனதும் பூட்டச் சொன்னார், பூட்டினேன். அன்று பூட்டினேனா? நிஜமாகவே நினைவில்லை. ஆறு வருடம் தினம் செய்த வேலை. போன செவ்வாய்க்கிழமை பல் தேய்த்தாயா என்று கேட்டால் என்ன சொல்வாய்? தேய்த்திருப்பேன் என்பாய். தேய்த்தேன் என்று சத்தியம் செய்வாயா?

கழிவுத்துணி எடுக்கிறவர் அன்று நேரத்துக்கு வந்தாரா, தாமதமா, வரவே இல்லையா? அவருக்கே தெரியவில்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

கை எப்படி இருக்கிறது? களிம்பை நிறுத்திவிடாதே.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணி,

உங்கள் வரைபடத்தைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் பொறுக்கி எடுத்து ஒட்டினேன். இவர் பார்த்துவிட்டு, “உங்க அண்ணி நல்லா வரையறாங்களே”ன்னார். எரிச்சல்தான் வந்தது.

தூண் இருந்தால் இருக்கட்டும். நான் எழுந்து நூல்கண்டு எடுக்கப் போயிருக்கலாம். தூணுக்கு இந்தப் பக்கம் வந்திருக்கலாம்.

பார்த்தேன். அவ்வளவுதான்.

களிம்பு போடுகிறேன்.


ஏப்ரல் 10

அன்புள்ள நாத்தனாருக்கு,

இந்தமுறை ‘அன்புள்ள’வை அடிக்கவில்லை.

முதலாளியின் வக்கீல் இரண்டு தடவை வீட்டுக்கு வந்துவிட்டுப் போனார். மிகவும் மரியாதையான மனிதர், செருப்பை வாசலில் ஜோடியாக நேர்ப்படுத்தி வைத்துவிட்டு உள்ளே வருகிறார். ஒரு தாள் கொண்டுவந்தார். ‘என் கவனக்குறைவால் கதவைப் பூட்டினேன், இதில் நிர்வாகத்தின் உத்தரவு எதுவும் இல்லை’ என்று. நான் கையெழுத்துப் போட்டால் விசாரணை சுருக்கமாக முடியுமாம், பட்டறையைத் திரும்பத் திறக்கலாமாம், எல்லோருக்கும் வேலை கிடைக்குமாம். “ஒருத்தர் பொறுப்பெடுத்தா இருபது குடும்பம் பிழைக்கும்மா” என்றார். முதல் தடவை வாசலைக் காட்டினேன்.

இரண்டாவது தடவை காட்டவில்லை. ஏனென்று சொல்கிறேன், சிரிக்காதே.

உன் வாக்குமூலத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. பொய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் படித்தேன். போன வாரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கொடியில் கிளிப் மாட்டும்போது, திடீரென்று என் கை அந்தப் பூட்டில் இருந்தது. சாவி நுழைகிறது. வலப்பக்கம் ஒரு திருகல். கடைசியில் வரும் அந்தச் சின்ன இறுக்கம். விரலில் உணர்ந்தேன். அன்று நான் போட்டிருந்த சாம்பல் நிற சூப்பர்வைசர் கோட்டின் கைமடிப்பு தெரிந்தது. அது வேறு நாள் என்று சொல்ல எனக்கு என்ன ஆதாரம்? எல்லா நாளும் அதே கோட்டுதான், அதே திருகல்தான்.

அதிலிருந்து அது போக மாட்டேன் என்கிறது. அரிசி களையும்போது வருகிறது, பஸ்ஸில் வருகிறது. உன் அண்ணனிடம் சொன்னேன். “முதல்ல இல்லன்னு சொன்னே, இப்ப இருக்குங்கறே. எதை நம்பறது?” என்றார். நியாயமான கேள்வி. எனக்கே தெரியவில்லை.

நீ சொன்னதுதான் சரி போலிருக்கிறது. இருபத்தோராம் தேதி திங்கட்கிழமை அந்த வக்கீல் மறுபடி வருகிறார். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். காஜா அக்காவுக்கு யாராவது ஒருத்தர் பதில் சொல்ல வேண்டுமே.

உன் மேல் எனக்குக் கோபமில்லை. இது பொய்யில்லை.

அண்ணி


ஏப்ரல் 15
(விரைவுத் தபால்)

அண்ணி,

கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் இதை எழுதிவிடுகிறேன். போடாதீர்கள், போடாதீர்கள்.

உங்கள் கடிதத்தை இவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன், பார்த்தீர்களா அவங்களே ஒத்துக்கிட்டாங்க என்று காட்டத்தான் படித்தேன், வெட்கமாக இருக்கிறது. இவர் முழுக்கக் கேட்டார். மருந்துக்கடையில் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

“ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே? நீ ஆஸ்பத்திரில மொத மொத எங்கிட்ட சொன்னப்போ சாவிச் சத்தம் இல்லியே.”

“என்ன உளர்றீங்க?”

“மொத நாள், கதவு தொறக்கலன்னு மட்டும்தான் அழுதே. மூணாவது நாள், அண்ணி பூட்டியிருப்பாங்கன்னு சொன்னே. அதுக்கப்புறம்தான், பூட்டினதப் பாத்தேன்னே. வாக்குமூலம் குடுத்ததுக்கு முந்தின நாள் சாவிச் சத்தம் வந்துச்சு. நல்லா ஞாபகம் இருக்கு. கதை கொஞ்சம் கொஞ்சமா முழுசாவுதேன்னு நெனச்சேன்.”

சண்டை போட்டேன் அண்ணி. அன்றைக்கே சொல்ல வேண்டியதுதானே என்று கத்தினேன். “அப்ப உன்னப் பாத்தா கேக்கற மாதிரியா இருந்தே?”ன்னார். தட்டைத் தள்ளிவிட்டு மொட்டைமாடிக்குப் போய் வெயிலில் நடந்தேன். நடந்துகொண்டே கண்ணை மூடி மறுபடியும் பார்த்தேன். காலர் மெஷின். குனிந்த முதுகு. பச்சைத் துணி, பிடரியில் முடிச்சு.

என் பிடரி அண்ணி! என் முடிச்சை நான் எப்படிப் பார்ப்பேன்? எனக்குப் பின்னால் நின்று யாரோ பார்க்கிற மாதிரியல்லவா இருக்கிறது! நான் அங்கே தைத்துக்கொண்டிருந்தேன் என்றால் எனக்குத் தெரிய வேண்டியது ஊசியும் துணியும் என் இரண்டு கையும்தான். இத்தனை நாள் இது எனக்கு உறைக்கவே இல்லை.

வார்டில் எங்களுக்கு வேறு வேலை ஏது? அடுத்தடுத்த கட்டில். காலையிலிருந்து அதே பேச்சுதான். ஒருத்தி, ஏன் திறக்கலை என்பாள். இன்னொருத்தி, பூட்டியிருக்கும் என்பாள். யார் பூட்டினா? சாவி யார்கிட்ட இருக்கும்? அப்புறம் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள், உங்கள் வீட்டுப் பெண் நான்தானே. யாரும் என்னைச் சொல்லு என்று கேட்கவில்லை. அந்தப் பார்வை தாங்காமல் நானே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன் போலிருக்கிறது. சொன்னால் பார்வை மாறியது. இங்கே வந்தும் மாடிவீட்டு அம்மாவுக்கு, தண்ணீர் கேன் போடுகிறவருக்கு, கட்டுப் பிரிக்கிற நர்ஸுக்கு என்று எல்லோருக்கும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் இன்னும் நன்றாகச் சொன்னேன்.

நான் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை அண்ணி. நம்புவீர்களா? இப்போதுகூட அந்தச் சத்தம் கேட்கத்தான் செய்கிறது.

நீங்கள் உங்கள் கையில் உணர்ந்தது என் வாக்குமூலம். உங்கள் நினைவே இல்லை அது. போடாதீர்கள்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 24

அன்புள்ள நாத்தனாருக்கு,

போடவில்லை. திங்கட்கிழமை அவர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். “என் நாத்தனார் வேண்டாம்னு எழுதியிருக்கா” என்றேன். ஒரு வக்கீலிடம் சொல்லக்கூடிய காரணமா அது? உன் அண்ணன் சமையல்கட்டில் எனக்கே கேட்கும்படி சிரித்தார்.

அதற்குப் பிறகு ஒன்று நடந்தது. இந்தக் கடிதத்தை இரண்டு விதமாக எழுதிவிட்டேன். ஒன்றில் பாதியைச் சொல்லாமல் விட்டேன். அதைக் கிழித்துவிட்டு இதை அனுப்புகிறேன். உன் வீட்டுக்காரர் வீட்டில் இருக்கும்போது படி.

தீயணைப்புத் துறையிலிருந்து ஒரு என்ஜினியர் வந்தார். சின்ன வயசுக்காரர், சட்டைப் பையில் அளவு நாடா. பெயர்த்தெடுத்த கதவை வெல்டிங் பட்டறைக்காரர் தன் இடத்தில் தார்ப்பாய் போட்டு மூடியே வைத்திருந்தார், நிலை, கீல், பூட்டு எல்லாம் சேர்த்து. சாவியை அடையாளம் காட்ட என்னை அங்கே வரச் சொன்னார்கள். பூட்டுப்பெட்டியை அறுத்துப் பிரித்தார். பூட்டினால் உள்ளிருந்து வெளியே நீளுமே ஒரு இரும்புத் துண்டு, அது உள்ளேயே இருந்தது. சூட்டில் அப்படியே ஒட்டிப்போயிருந்தது. “தீ பிடிச்சப்போ இது பூட்டியில்ல” என்றார். நான் அங்கிருந்த ஒரு காஸ் சிலிண்டர் மேல் உட்கார்ந்துவிட்டேன். காலி சிலிண்டர்தான்.

“அப்ப ஏன் தொறக்கல?” என்று கேட்டேன்.

அவர் அறுத்த பூட்டைக் கீழே வைத்தார். “இந்தக் கதவ நீங்க எப்படித் தொறப்பீங்க?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கை தானாக என் நெஞ்சுப் பக்கம் இழுத்துக் காட்டியது.

உள்பக்கமாகத் திறக்கும் கதவு அது. இழுக்க வேண்டும். ஆறு வருடம் தினம் காலையில் அதை இழுத்துத் திறந்தவள் நான். இந்த மூன்று மாதத்தில் யார் பூட்டினார்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். எந்தப் பக்கம் திறக்கும் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நீங்கள் யாரும் அந்தக் கதவைத் தொட்டதே இல்லை, மூட்டை போட நான் மட்டும்தான் போவேன். நீங்கள் தள்ளியிருக்கிறீர்கள். பின்னால் இருந்தவர்கள் உங்களைத் தள்ளியிருக்கிறார்கள். வெளியே இருந்தவர்கள் திறக்க முடியாமல் போனதும் அதனால்தான், உள்ளே அத்தனை பேர் பாரமும் கதவின் மேல். திறக்காத கதவு என்றால் பூட்டிய கதவு என்று நாம் எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம்.

அடுத்த மாதம் பதினேழாம் தேதி விசாரணையில் இதைப் படிப்பார்கள். அங்கே முன்பின் தெரியாதவர்கள் நடுவில் நீ முதல்முதலாக இதைக் கேட்கக்கூடாது. அதற்காகத்தான் எழுதினேன்.

அண்ணி


மே 1

அண்ணி,

கதவுக்கு முதலில் போனது நான்தான், வாக்குமூலத்திலேயே சொல்லியிருக்கிறேன். உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் இரண்டு விதமாக எழுதினீர்கள்.

இந்தக் கட்டடத்தில் மொத்தம் பதினான்கு கதவு. ஒன்பது உள்பக்கம் திறக்கிறது. ஐந்து வெளிப்பக்கம். மாடிவீட்டு அம்மா என்னம்மா தேடறே என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மருந்துக்கடைக் கதவு இரண்டு பக்கமும் ஆடும். தபால் நிலையம் தள்ளு. வங்கி இழு.

என் உள்ளங்கை எதனால் வெந்தது என்று இப்போது தெரிகிறது. சூடேறிய தகரக் கதவைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இரண்டு மூன்று நொடி நான் தனியாக இருந்தேன் அண்ணி. எனக்குப் பின்னால் யாரும் வந்து சேரவில்லை. நன்றாக நினைவிருக்கிறது. அப்போது இழுத்திருந்தால் திறந்திருக்கும். காஜா அக்கா இருந்திருப்பார்.

நீங்கள் பூட்டினீர்கள் என்று நான் ஏன் பார்த்தேன் என்று புரிந்துவிட்டது. யாராவது பூட்டியிருக்க வேண்டும் எனக்கு.

இவர் வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். நான் எங்கேயும் போய்விட மாட்டேன் என்று சொன்னாலும் எழுந்து போக மாட்டேன் என்கிறார்.


மே 5

என் நாத்தனாருக்கு,

திட்டத்தான் போகிறேன். உட்கார்ந்து படி, நடக்காதே.

அந்த மூன்று நொடி உனக்கு எப்போதிலிருந்து நினைவிருக்கிறது? ஜனவரியிலிருந்தா, என் கடிதம் வந்த பிறகா? ஆஸ்பத்திரியில் முதல் நாள் உன் வீட்டுக்காரரிடம் சொன்னாயா? அவரைக் கேள், வாசலில்தானே இருக்கிறார். வாக்குமூலத்தில் இருக்கிறதா? நான் மனப்பாடமாகச் சொல்வேன், இல்லை. இருபத்தைந்து பேர் ஒரே சமயத்தில் எழுந்து ஓடிய இடத்தில் உனக்கு மட்டும் மூன்று நொடி தனியாக யார் கொடுத்தார்கள்?

பொய் என்று சொல்லவில்லை. அப்படி இருந்தும் இருக்கலாம். உனக்குத் தெரியாது என்கிறேன். எனக்கும் தெரியாது. முதலில் என்னைக் கொண்டுபோய் அந்தக் கதவில் நிறுத்தினாய். இப்போது உன்னை நிறுத்துகிறாய். உனக்கு யாராவது ஒருத்தர் நின்றே ஆக வேண்டும்.

என்ஜினியரிடம் கேட்டேன், முதலில் போனவள் இழுத்திருக்க முடியுமா என்று. “புகைல கதவு தெரிஞ்சா யாரா இருந்தாலும் தள்ளத்தாம்மா செய்வாங்க. ஆள் கூடற எடத்துல கதவு வெளிப்பக்கம் தொறக்கணும், அதுக்குத்தான் சட்டம் இருக்கு” என்றார். சட்டம் இருக்கிறதாம். ஆறு வருடம் இழுத்துத் திறந்த எனக்கு, இது தப்பான கதவு என்று ஒரு நாள் தோன்றியிருந்தால்? அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன் சொல்லு.

பதினேழாம் தேதி வா. தெரிந்ததைச் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல்.

அப்புறம் வீட்டுக்கு வா.

அண்ணி


மே 20

அண்ணி,

வீட்டுக்கு வராமல் திரும்பிவிட்டேன். திட்டுவீர்கள். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சாட்சிகளை ஒவ்வொருவராகத்தான் உள்ளே கூப்பிட்டார்கள், அதனால் உங்களைப் பார்க்க முடியாது என்று தெரியும். ஒரு நீள மேஜை, மூன்று பேர், ஒரு டைப் அடிக்கிற பெண். என் பழைய வாக்குமூலத்தைப் படித்துவிட்டு, “இது சரிதானே?” என்றார் நடுவில் இருந்தவர். சரி என்று சொன்னால் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்திருக்கலாம்.

“இல்லீங்க. கதவு தொறக்கல, அது தெரியும். நான் தள்ளினேன், அது என் கைல இருக்கு. அண்ணி பூட்டினதையும் சாவிச் சத்தத்தையும் நான் பாக்கல, கேக்கல. பாத்த மாதிரி இருக்கு. ஆனா பாக்கல.”

“பாத்த மாதிரின்னா என்னம்மா? பாத்தீங்களா இல்லையா?”

“இல்ல.”

“அப்ப அன்னிக்கு ஏன் சொன்னீங்க?”

“அப்ப பாத்தேன்னுதான் நெனச்சேன்.”

டைப் அடிக்கிற பெண் கையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று நொடியைப் பற்றியும் சொன்னேன். தனியாக இருந்தேனா இல்லையா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் காஜா அக்காவின் மகள் நின்றிருந்தாள். வங்கியில் வேலை பார்க்கிறாளே, மூத்தவள். நேராக என்னிடம் வந்தாள். “நீங்கதானே அம்மா பக்கத்துல இருந்தீங்க? கடைசியா அம்மா ஏதாவது சொன்னாங்களா?” என்றாள்.

அண்ணி, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். என் நாக்கில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. ‘உன் பேரத்தாம்மா சொன்னாங்க.’ காஜா அக்காவின் கரகரத்த குரலிலேயே எனக்குக் கேட்டது. வாயைத் திறந்து ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், ரயில் ஏறுவதற்குள் அது நடந்ததாகவே ஆகிவிடும், சாகும்வரை எனக்கு அது நினைவிருக்கும். அந்தப் பெண்ணுக்கும் ஆறுதல். யாருக்கு என்ன நஷ்டம்?

“தெரியலம்மா” என்றேன். “என் முதுகுல ஒரு கை இருந்துச்சு. யாரோடதுன்னு தெரியல. வேற எதுவும் எனக்குத் தெரியல.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அல்லது அறைவாள் என்று. அவள் சுவரில் சாய்ந்துகொண்டு பெரிதாக மூச்சு விட்டாள்.

“இதுவரைக்கும் அஞ்சு பேர் வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போயிருக்காங்க அக்கா. அஞ்சு பேரும் அஞ்சு கடைசி வார்த்தை. ஒவ்வொருத்தர் சொல்றப்பவும் அம்மா ஒவ்வொரு தரம் செத்தாங்க. தெரியலன்னு சொன்ன மொத ஆள் நீங்கதான்.”

அப்புறம் என் வலது கையை எடுத்து, திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதற்கு மேல் யாருடைய முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை. உங்கள் முகத்தைக்கூட. ஸ்டேஷனுக்கு நடந்தே போய் முதலில் வந்த வண்டியில் ஏறிவிட்டேன்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 2

அன்புள்ள நாத்தனாருக்கு,

திட்டுவதை நேரில் வைத்துக்கொள்கிறேன், எழுதினால் சுரத்தாக வராது. உன் அண்ணன் அன்று லீவு போட்டுவிட்டு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதை மட்டும் தெரிந்துகொள். பதினெட்டு பஸ் வந்ததாம்.

போன வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். என் மேல் குற்றம் எதுவும் இல்லை என்று நடுவில் இருந்தவரே சொல்லிவிட்டார். பூட்டு சாட்சி சொல்லிவிட்டதாம். “நீங்க கெளம்பலாம்மா” என்றார். நான் எழுந்துவிட்டேன். நாற்காலியை உள்ளே தள்ளியும் விட்டேன். முதலாளியின் வக்கீல் அங்கே இருந்தார், முகத்தில் ஒரு நிம்மதி. அந்த முகத்தைப் பார்த்ததும் என்னால் போக முடியவில்லை.

“ஒண்ணு சொல்லணும்” என்றேன். “மத்த எல்லா நாளும் அந்தக் கதவப் பூட்டினது நான்தான். முதலாளி சொல்லித்தான் பூட்டினேன். அன்னிக்கு ஏன் பூட்டலன்னா, மறந்திருப்பேன். அதுக்கு முந்தின நாள் தீப்பிடிச்சிருந்தா பூட்டின கதவுதான்.”

“இத நீங்க சொல்லணும்னு அவசியமில்லையே” என்றார். “உங்களுக்கு எதிராகூடப் போகலாம்.”

“தெரியும். எழுதிக்குங்க.”

அந்த டைப் அடிக்கிற பெண், “அம்மா, ‘மறந்தேன்’னு அடிக்கவா, ‘மறந்திருப்பேன்’னு அடிக்கவா?” என்று கேட்டாள். இத்தனை மாதத்தில் என்னிடம் யாரும் கேட்காத நல்ல கேள்வி. ‘மறந்திருப்பேன்’ என்றே அடிக்கச் சொன்னேன். அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். வக்கீல் தன் செருப்பைத் தேடிக்கொண்டு முதல் ஆளாக வெளியே போனார். இனி முதலாளியையும் கூப்பிடுவார்கள். பட்டறை திறப்பார்களா, எனக்கு வேலை உண்டா, ஒன்றும் தெரியாது. உன் அண்ணன் அன்று சாப்பிடலாமா என்று கேட்கவில்லை. அவரே தட்டு எடுத்து வைத்தார்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நேற்று கொடியில் துணி காயப்போடும்போது மறுபடியும் வந்தது. சாவி, திருகல், அந்தக் கடைசி இறுக்கம். அந்த இரும்புத் துண்டு உள்ளேயே இருந்ததை என் கண்ணால் பார்த்தேன், அதற்கு ரிப்போர்ட் இருக்கிறது, சீல் இருக்கிறது. என் விரலுக்கு இதெல்லாம் தெரியவில்லை. அது பாட்டுக்குப் பூட்டிக்கொண்டே இருக்கிறது.

உனக்குச் சாவிச் சத்தம் போய்விட்டதா? போயிருந்தால் எப்படிப் போயிற்று என்று உடனே எழுது. போகவில்லை என்றால் எழுத வேண்டாம். கிளம்பி வா.

அண்ணி